இரண்டு மேரிகள்

வாரத்துக்கு ஒரு முறையாவது வீட்டுத் தரையை மாட்டுச் சாணம் போட்டு மெழுகுகிறோம், கேட்டால் உங்களுக்கு வினோதமாக இருக்கும் என்று மேரி மொஃபாட் இங்கிலாந்தில் இருந்த தன் வீட்டாருக்கு எழுதினார். அங்கிருந்த இன்னொரு மிஷனெரியின் மனைவி மெழுகுவதை மேரி முதலில் பார்த்தபோது, இந்த அசிங்கம் நமக்கு வேண்டாம், முடிந்தவரை இதில்லாமலே சமாளித்துவிடலாம் என்றுதான் நினைத்தாராம். கொஞ்ச நாள்தான். அப்புறம் எப்போது சனிக்கிழமை வரும் என்று காத்திருக்கத் தொடங்கிவிட்டார். புழுதி அடங்குகிறது, தெள்ளுப்பூச்சி சாகிறது, பார்க்கவும் நல்ல பச்சை நிறம். தண்ணீர் விட்டுக் கரைத்து எவ்வளவு மெல்லிசாக முடியுமோ அவ்வளவு மெல்லிசாகப் பூச வேண்டும் என்று பக்குவம் வேறு சொல்கிறார்.

இது 1820களின் தென்னாப்பிரிக்கா. என் ஆச்சி இருந்து இதைப் படித்துக் காட்டியிருந்தால், 'இதை ஒரு கடுதாசியில எழுதணுமாக்கும்' என்றிருப்பாள். ஆனால் மிஷனெரிகளைப் பற்றி நான் படித்த எதிலும் இந்த அளவுக்கு என்னைப் பிடித்து நிறுத்திய இடம் வேறில்லை. காரணம், நான் மிஷனெரி வீட்டுப் பிள்ளை. அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சந்தால் பர்கானா மலைக்குப் போனவர்கள். அப்போது அது பீகார், இப்போது ஜார்க்கண்ட். கடல் தாண்டவில்லை, அவ்வளவுதான். மொழி, சோறு, காய்ச்சல் எல்லாமே வேறு. நானும் தம்பியும் தெற்கே ஹாஸ்டலில் வளர்ந்தோம். ஹாஸ்டல் அலமாரியில் மிஷனெரி வாழ்க்கை வரலாறுகள் வரிசையாக இருக்கும். எல்லாவற்றிலும் சிங்கம் உண்டு, ஆறு உண்டு, முழங்காலில் நின்று செய்யும் ஜெபம் உண்டு. தரையை யார் பெருக்கினார்கள் என்று எதிலும் இருக்காது.

மேரி, டக்கின்ஃபீல்டு என்ற ஊரில் நாற்றுப் பண்ணை வைத்திருந்த வசதியான குடும்பத்துப் பெண். ராபர்ட் மொஃபாட் அந்தப் பண்ணைக்குத் தோட்ட வேலைக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர். அவர் லண்டன் மிஷனெரி சங்கத்தில் சேர்ந்து 1816இல் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார். மேரியை அனுப்ப வீட்டில் சம்மதிக்கவில்லை. கடைசியில் இறங்கி வந்தார்கள். 1819 டிசம்பரில் கேப்டவுனில் கல்யாணம். அங்கிருந்து மாட்டு வண்டியில் உள்நாட்டுக்குப் போய், குருமான் பள்ளத்தாக்கில் குடியேறி, 1870 வரை அந்த வட்டாரத்திலேயே இருந்தார்கள். ஐம்பது ஆண்டு.

குருமானில் பாலைவன ஓரத்தில் நிலத்திலிருந்து பொங்கும் ஓர் ஊற்று உண்டு. அதிலிருந்து வாய்க்கால் வெட்டித் தோட்டம் போட்டது மொஃபாட்டின் தோட்டக்கார மூளை. பழமரம், காய்கறி, கோதுமை. 1831இல் ஓர் அச்சு இயந்திரத்தைக் கொண்டு வந்தார். செட்ஸ்வானா மொழியில் பைபிள் முழுவதையும் மொழிபெயர்த்து 1857இல் முடித்தார். 1838இல் திறந்த கல் ஆலயம் இன்றும் நிற்கிறது. இதெல்லாம் ராபர்ட் பெயரில் வரவு வைக்கப்பட்ட கணக்கு. மேரி பத்துப் பிள்ளை பெற்றார். மூன்று பேர் சிறு வயதிலேயே போய்விட்டார்கள். புதர்க்காட்டு மக்களின் வழக்கப்படி இறந்த தாயோடு சேர்த்துப் புதைக்கப்பட இருந்த இரண்டு குழந்தைகளை ராபர்ட் ஒரு பயணத்தில் கேட்டு வாங்கி வந்தார். வளர்த்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கணவர் மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போனபோதெல்லாம் குருமானில் பண்ணையும் பள்ளியும் வந்து போகிறவர்களுக்குச் சோறும் ஓடிக்கொண்டிருந்தன. உள்நாட்டுக்குப் போகிற எந்த வெள்ளைக்காரருக்கும் அந்த வீடுதான் சத்திரம்.

மொஃபாட் வீட்டை நான் ஒரேயடியாகத் தூக்கிப் பிடிக்கவில்லை. அவர்களும் பிள்ளைகளைப் பிரிந்தவர்கள்தான். மூத்த பெண்கள் தொலைவில் உள்ள சேலம் என்ற மெதடிஸ்ட் குடியேற்றத்துப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். (நம் சேலம் இல்லை. ஆனால் ஹாஸ்டல் பிள்ளை என்றால் சேலமானாலும் சாயர்புரமானாலும் ஒன்றுதான்.) 1839இல் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது கேப்டவுன் துறைமுகத்தில் கப்பலிலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது, கப்பலில் பரவியிருந்த தட்டம்மையில் ஆறு வயது மகன் சில நாட்களுக்குள் இறந்தான். அப்படியும் அந்த வீட்டுப் பிள்ளைகளில் பலர் வளர்ந்தபின் அதே வேலைக்குத் திரும்பி வந்தார்கள். குருமானில் வீடு என்று ஒன்று இருந்தது, அது நகரவில்லை. திரும்பி வர ஓர் இடம் இருந்தது என்பதைத்தான் நான் இதில் முக்கியமாகப் பார்க்கிறேன்.

மூத்த மகளுக்கும் பெயர் மேரிதான். 1821இல் ஆப்பிரிக்காவில் பிறந்து, செட்ஸ்வானா பேசி வளர்ந்து, குருமான் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள். 1844இல் ஓர் இளம் மிஷனெரி டாக்டர் சிங்கம் கடித்துத் தோள் எலும்பு நொறுங்கிய நிலையில் அந்த வீட்டுக்கு உடம்பு தேற வந்தார். தோட்டத்து வாதுமை மரத்தடியில் பெண் கேட்டார். 1845 ஜனவரியில் கல்யாணம். மாப்பிள்ளை, பிற்பாடு ஆப்பிரிக்கப் பயணங்களால் பேர் பெற்ற டேவிட் லிவிங்ஸ்டன்.

செசேலே என்ற தலைவரின் மக்களோடு கொலோபெங்கில் அவர்கள் நடத்திய குடித்தனத்தை லிவிங்ஸ்டன் தன் பயண நூலில் எழுதியிருக்கிறார். படிக்க இனிமையாகத்தான் இருக்கிறது. புற்றைக் குடைந்து அடுப்பாக்கி ரொட்டி சுடுவது, சாம்பலிலிருந்து சோப்பு காய்ச்சுவது, மெழுகுவத்தி வார்ப்பது, பள்ளிக்கூடம், வைத்தியம். வீட்டுக்குள் எல்லா வேலையும் மனைவி, வெளியே எல்லா வேலையும் கணவன் என்று பிரித்துக்கொண்டார்களாம். மேரியின் மழலைப் பள்ளிக்குக் கூட்டமாகப் பிள்ளைகள் வந்தார்கள். அந்த மக்கள் தாயை மூத்த பிள்ளையின் பெயரால்தான் அழைப்பார்கள். மூத்தவன் ராபர்ட் பிறந்ததும் இவர் மா-ராபர்ட் ஆனார். அப்படியே விட்டிருந்தால் இன்னொரு குருமான் ஆகியிருக்கலாம். அந்த ஊரில் மழை பொய்த்துக்கொண்டே இருந்தது என்பது ஒரு பக்கம். டேவிட்டின் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை என்பது இன்னொரு பக்கம்.

1849இல் அவர் நகாமி ஏரியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த ஆண்டு மேரியையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனார். மேரி அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். ஏரிக்கரையில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல். திரும்பி வந்ததும் பிறந்த பெண் குழந்தை ஆறு வாரத்தில் இறந்தது. மேரிக்கு முகத்தின் ஒரு பக்கம் வாதம் இழுத்துக்கொண்டது. அதற்கடுத்த ஆண்டு, 1851இல், மேரி மறுபடியும் கர்ப்பம், மறுபடியும் பயணம்.

இந்த இடத்தில்தான் லிவிங்ஸ்டனுக்கு மாமியாரிடமிருந்து கடிதம் வருகிறது. ஓர் அருமையான குழந்தையைப் பறிகொடுத்தீர், மற்றவர்கள் பிழைத்ததே பெரிது, தாய் வாதத்தோடு திரும்பி வந்தாள், இது போதாதா? இன்னும் அவளை இழுத்துக்கொண்டு போகிறீரா? கர்ப்பிணிப் பெண்ணும் மூன்று சின்னப் பிள்ளைகளும் ஆண்கள் கூட்டத்தோடு காடு காடாக அலைவதைக் கேட்டால் உலகமே இதைக் கொடுமை என்றுதான் சொல்லும். சாணி மெழுகப் பழகிய அதே மேரி மொஃபாட் எழுதியது இது. முப்பது வருஷம் ஆப்பிரிக்காவில் வாழ்ந்தவர், கஷ்டம் அறியாத சீமைப் பெண் இல்லை. ஊழியத்துக்கு எதிரான ஆளும் இல்லை. அதனால்தான் அந்தக் கடிதம் குத்துகிறது. லிவிங்ஸ்டன் அதைக் கிழித்துப் போடாமல் தன் குறிப்பேட்டில் எடுத்து எழுதி வைத்திருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். எழுதி வைத்தார், ஆனால் நிற்கவில்லை.

அந்தப் பயணத்தில் தண்ணீர் இல்லாத ஒரு பொட்டல்வெளியில் வழிகாட்டி விட்டுவிட்டுப் போய்விட்டான். வண்டியில் இருந்த தண்ணீர் தீர்ந்துகொண்டே வந்தது. பிள்ளைகள் தாகத்தால் தவித்தார்கள். ஐந்தாம் நாள்தான் ஆட்கள் தண்ணீர் கொண்டு வந்தார்கள். எல்லாம் உங்களால்தான் என்று மேரி ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும், ஆனால் ஒரு சொல் சொல்லவில்லை, கண்ணீர் மட்டும் தெரிந்தது என்று லிவிங்ஸ்டன் எழுதுகிறார். நல்லதொரு கணவனின் வாக்குமூலம் என்று இதை மேடையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படிப் படவில்லை. அம்மாக்காரி திட்டவில்லை என்பதை அவர் கவனித்திருக்கிறார், அவ்வளவுதான். அந்தப் பயணத்திலேயே ஆற்றங்கரையில் குழந்தை பிறந்தது.

1852 ஏப்ரலில் மேரியையும் நான்கு பிள்ளைகளையும் கேப்டவுனிலிருந்து கப்பலேற்றி பிரிட்டனுக்கு அனுப்பினார். அந்த ஆகஸ்டில் டச்சு வம்சாவளிக் குடியேறிகளான போயர்கள் செசேலேயின் மக்களைத் தாக்கினார்கள். கொலோபெங் வீடு சூறையாடப்பட்டது, புத்தகங்கள் கிழிக்கப்பட்டன, மருந்துகள் உடைக்கப்பட்டன. குடும்பம் அங்கே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று லிவிங்ஸ்டன் பக்கம் பேசுகிறவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனால் பிரிட்டனில் மேரிக்கு என்ன இருந்தது? அது அவர் வளர்ந்த ஊர் இல்லை. ஹாமில்டனில் மாமனார் மாமியாரோடு ஒத்துப் போகவில்லை; வெளியேறி, வாடகை அறைகள், தெரிந்தவர் வீடுகள் என்று நான்கு பிள்ளைகளோடு ஊர் மாறிக்கொண்டே இருந்தார். பணத்துக்காகச் சங்கத்துக்குக் கடிதம் எழுதிக் கெஞ்ச வேண்டியிருந்தது. குடிக்கத் தொடங்கினார். விசுவாசமும் ஆட்டம் கண்டது. கணவர் அந்த நாலரை ஆண்டில் ஆப்பிரிக்காவை மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை கடந்தார், விக்டோரியா அருவியைப் பார்த்தார், 1856 டிசம்பரில் ஊர் திரும்பியபோது நாடே கொண்டாடியது. இனி ஒருபோதும் பிரிய மாட்டோம் என்று மேரி வரவேற்புக் கவிதை எழுதி வைத்திருந்தார்.

1858இல் ஜாம்பெசி ஆற்றுப் பயணத்துக்கு வழியனுப்பு விருந்து. என் சக்கரத்தின் முக்கியமான ஆரக்கால் என் மனைவி, அவளும் உடன் வருகிறாள் என்று லிவிங்ஸ்டன் பேசினார். ஆற்றில் ஓட்டக் கொண்டுபோன நீராவிப் படகுக்கு மா-ராபர்ட் என்று பெயர். கப்பல் கேப்டவுனை நெருங்குவதற்குள் மேரி மறுபடி கர்ப்பம் என்று தெரிந்துவிட்டது. படகு ஜாம்பெசிக்குப் போனது. மா-ராபர்ட் இறக்கிவிடப்பட்டு, அம்மா வீடான குருமானுக்குப் போனார். அங்கே அன்னா மேரி பிறந்தாள். (படகும் உருப்படவில்லை. எஃகுத் தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்து, இழுத்து இழுத்து மூச்சு வாங்கியதால் ஆஸ்துமா நோயாளி என்று அதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள்.)

பிள்ளைகளைப் பிரிட்டனில் விட்டுவிட்டு 1862இல் மேரி ஒருவழியாக ஜாம்பெசிக்கு வந்து கணவரோடு சேர்ந்தார். மூன்று மாதம். ஏப்ரல் 27ஆம் தேதி ஷுபாங்காவில் மலேரியாவில் இறந்தார். நாற்பத்தோரு வயது. லிவிங்ஸ்டனுக்கு மலேரியா தெரியாதா? குயினைனோடு பேதி மருந்துகளைச் சேர்த்து அவர் உருட்டிய மாத்திரை பிற்காலத்தில் அவர் பெயரிலேயே கடையில் விற்றது. அந்த மாத்திரை எத்தனையோ பேரைக் காப்பாற்றியது, மேரியைக் காப்பாற்றவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாகச் சாக வேண்டும் போலிருக்கிறது என்று அவர் குறிப்பேட்டில் எழுதினார்.

மாத்திரை என்றதும் எனக்கு எங்கள் வீட்டு ராத்திரிகள்தான். அம்மா நர்ஸ். பர்கானா மலையில் மலேரியாவும் காலா அசார் என்ற கருங்காய்ச்சலும் வீட்டுக்கு வீடு. மே மாத லீவுக்குப் போனால் எனக்கும் தம்பிக்கும் அரிக்கேன் வெளிச்சத்தில் ஒரு வேலை இருக்கும்: பழைய தமிழ்ப் பேப்பரைச் சின்னச் சதுரமாகக் கிழித்து, மடித்து, குளோரோகுயின் மாத்திரை பொட்டலம் போடுவது. முதல் நாளுக்கு நான்கு, மறுநாள் நான்கு, மூன்றாம் நாள் இரண்டு என்று அம்மா எண்ணிப் போடுவாள், நாங்கள் மடிப்போம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எது முதல் நாள் பொட்டலம் என்று தெரிய வேண்டுமே, அதற்காகக் காதை வேறு வேறு மாதிரி மடிக்க வேண்டும். அந்த லீவு முழுக்க அம்மாவோடு நான் சேர்ந்து உட்கார்ந்த நேரம் அதுதான். குறை சொல்லவில்லை. இன்றைக்கும் எனக்குப் பிடித்த நேரம் அது. பகலில் அம்மா வாசலில் கூட்டம் நிற்கும், அப்பா மலைக்குப் போயிருப்பார், நாங்கள் விருந்தாளிகள் மாதிரி சுற்றிக்கொண்டிருப்போம். தம்பி ஹாஸ்டலுக்கு வருவதற்கு முன் அந்த மலை மொழியைத் தண்ணீராகப் பேசுவான். இரண்டு வருஷத்தில் மறந்துவிட்டான். அடுத்த லீவில் அவனுடைய பழைய கூட்டாளிகள் வந்து ஏதோ கேட்க, இவன் விழிக்க, அவர்கள் சிரித்துவிட்டு ஓடிப் போனார்கள்.

கொலோபெங்கில் உடல் வேலையும் மூளை வேலையும் செய்து ஓய்ந்து போய், மாலையில் பிள்ளைகளோடு விளையாடத் தெம்பில்லாமல் இருந்தேன், இப்போது விளையாட அவர்கள் இல்லை, என் ஊழிய காலத்தில் எனக்கிருக்கும் ஒரே வருத்தம் இதுதான் என்று லிவிங்ஸ்டன் பின்னாளில் எழுதினார். மூத்தவன் ராபர்ட் அப்பாவைத் தேடி ஆப்பிரிக்காவுக்கு வந்து, அவரிடம் போய்ச் சேர முடியாமல், அமெரிக்காவுக்குப் போய், உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் வேறு பெயரில் சேர்ந்தான். உங்கள் பெயரை வைத்துக்கொண்டிருந்தால் அதற்கு இன்னும் இழுக்குத்தான் வரும் என்று அப்பாவுக்கு எழுதினான். 1864 டிசம்பரில் வடக்குக் கரோலினாவில் எதிரிகளின் சிறைமுகாமில் இறந்தான். பதினெட்டு வயது. அடிமை வியாபாரத்தை ஒழிக்க ஆப்பிரிக்காவில் அலைந்தவரின் மகன், அடிமைமுறை குறித்த போரில் செத்தான் என்பதை வைத்து ஒரு பிரசங்கமே செய்துவிடலாம். எனக்கு மனசு வரவில்லை.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. தமிழ் படித்தவர்கள் வின்சுலோ அகராதியைப் புரட்டாமல் இருந்திருக்க மாட்டோம், 1862இல் வந்தது. அந்த மைரன் வின்சுலோவும் மனைவி ஹேரியட்டும் 1819இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். உடுவில் பெண்கள் பள்ளியை 1824இல் தொடங்கியது ஹேரியட். படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பிய மகன் சார்லஸ் 1832இல் நியூயார்க்கில் இறந்துபோனான். 1833 தொடக்கத்தில் ஹேரியட்டும் போய்விட்டார். பள்ளி இன்னும் நடக்கிறது. அகராதியின் முன்பக்கத்தில் ஹேரியட்டின் பெயர் இல்லை.

இந்தக் காலத்துத் தம்பதிகள் கணக்கை வேறு மாதிரிப் போடுகிறார்கள். பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வந்ததும் பணித்தளத்திலிருந்து ஊருக்குத் திரும்பிவிடுகிறவர்கள் அதிகம். பணம் கொடுத்து மிஷனெரிகளைத் தாங்குகிறவர்கள் கூட்டங்களில் இதைப் பற்றி முணுமுணுப்பு உண்டு. கலப்பையில் கை வைத்துப் பின்னிட்டுப் பார்க்கலாமா என்று வசனம் காட்டுவார்கள். காட்டுகிறவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் அவர்கள் வீட்டிலிருந்தே பள்ளிக்கூடம் போய் வருகிறவர்கள். திரும்பி வந்தவர்களை நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். தங்கிவிட்டவர்களையும்தான். ஆனால் அனுப்புகிற சங்கங்கள் ஒன்று செய்யலாம்: புருஷனைப் பேட்டி காணும்போது எத்தனை கேள்வி கேட்கிறார்களோ அத்தனை கேள்வி மனைவியிடமும், தனியாக உட்கார வைத்து, கேட்கலாம். மேரி லிவிங்ஸ்டனிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்காமலே பதில் சொன்னவர் அவருடைய அம்மா ஒருவர்தான்.

கடைக்குட்டி அன்னா மேரி தன் அப்பாவை முதன்முதலாகப் பார்த்தபோது அவளுக்கு ஐந்து வயது, 1864. அவர் ஒரு கறுப்புப் பொம்மை கொண்டு வந்து கொடுத்தார். அவளுக்கு வெள்ளைப் பொம்மைதான் வேண்டியிருந்தது. வளர்ந்து, கல்யாணம் ஆகி, அவளும் கணவரோடு சியரா லியோனுக்கு மிஷனெரியாகப் போனாள்.

இதையெல்லாம் போன வாரம் அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மா இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறாள். பொம்மைக் கதை வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள்.

"பிள்ளைக்குப் பிடிச்சுதோ பிடிக்கலியோ, அந்த மனுஷன் பொம்மையோட வந்தாரே. உங்கப்பா உங்கள முதல் வருஷம் ஹாஸ்டல்ல பாக்க வந்தப்போ என்ன கொண்டு வந்தாங்க, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. "ஸ்லைடு புரொஜெக்டர். சாயங்காலம் கூட்டத்துல காட்டறதுக்கு."

"அதுவும் பக்கத்துச் சேகரத்துச் சர்ச்சுல இரவல் வாங்கினது" என்றாள் அம்மா.